அக்கரைத் தாமரைக்கு ஒரு விசிறி

“…அதனாலதான் அத்தான் சொல்லுகேன், காத்தை வாங்குக கையும் காத்தைக் குடுக்குக கையும் ஒண்ணுபோல இருந்தா வேலை நடக்காது,” என்று மச்சினன் குளத்துக்குள் நின்றபடி சொன்னான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. அவன் நின்றது தெர்மோகோல் அடைத்த தட்டை வள்ளம் ஒன்றின் மேல். வள்ளத்தின் பின்பாகத்தில் ஒரு பழைய பைக் எஞ்சின். எஞ்சினுக்குப் பின்னால், கல்யாண மண்டபத்துப் பெரிய ஃபேனிலிருந்து கழற்றிய கம்பிக் கூட்டுக்குள், நாங்கள் இரண்டு பேரும் செதுக்கிய மர விசிறி; அதற்கும் பின்னால் வள்ளத்தைத் திருப்ப ஒரு தகரச் சுக்கான். கரையில் அவனுடைய மாமனாரும் தாமரை பறிக்கிற ஆட்களும் நின்றார்கள். மச்சினனுடைய போன் என் கையில் இருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் மத்தியானம் அதில் கூப்பிடுவான். வருகிறேன் என்று சொன்னால் மச்சினன் விமானம் ஏற வேண்டும். வரவில்லை என்று சொல்வதற்கு இங்கே அவனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை அந்த மர விசிறியில் மாட்டிக்கொண்டிருந்தது.

அவன் இதைச் சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்தான் என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும். அந்த வள்ளத்துக்குப் பின்னால் போகத் தெரியாது, விசிறி வைத்த வள்ளத்துக்கு ரிவர்ஸ் கிடையாது. எனக்கு உண்டு.

மச்சினன் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் விமானம் கழுவினான். நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, ஏணி வண்டியில் ஏறி நின்று, றெக்கையின் அடிவயிற்றைத் தேய்க்கிற வேலை. இதை அவன் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் ஊரில் ஒருத்தரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. “பிளேன்ல வேலைன்னா மெக்கானிக்குதானே” என்று அவர்களே முடிவுசெய்து, அவனுக்குப் பிளேன் மெக்கானிக் என்ற பட்டத்தையும் கொடுத்துவிட்டார்கள். முதல் லீவில் வந்தபோது, “நான் கழுவத்தான் செய்யுகேன்” என்று சொல்லிப் பார்த்தான். “நல்ல அடக்கம் உள்ள பிள்ளை” என்றார்கள். அதன் பிறகு அவன் சொல்வதை விட்டுவிட்டான்.

இந்த முறை வந்தவன் ஒப்பந்தம் முடிந்து வந்தான். புது விசா தயாராக இருந்தது. அவனுடைய மகள் இரண்டு வயதில் அவனைப் போனுக்குள் இருக்கிற ஆளாகத்தான் தெரிந்து வைத்திருந்தாள். அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அவனைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வந்து அதற்குள்ளும் பார்த்தாள். இதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, “அத்தான், இனி போகாம இருக்க ஒரு வழி பாக்கணும்” என்றான். அவன் மனைவியிடம் நான் கேட்டேன். “நில்லுங்கன்னும் சொல்லமாட்டேன், போங்கன்னும் சொல்லமாட்டேன், நாளைக்கு ரெண்டுக்கும் எம்மேல பழி வரும்” என்றாள். எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆள் வேறு இல்லை.

வழி, அவனுடைய மாமனாரிடம் இருந்தது. தோவாளைப் பக்கத்தில் ஒரு குளத்தில் தாமரை பறிக்கிற குத்தகை அவருடையது. ஆட்கள் லாரி டியூபில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டு போய் மொட்டுப் பறிப்பார்கள். விடிந்ததும் மொட்டு பூச்சந்தைக்குப் போய்விட வேண்டும், விரிந்த தாமரையை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இக்கரையிலும் நடுவிலும் பறித்துவிடுவார்கள். அக்கரைக்கு யாரும் போவதில்லை. கரை சுற்றிப் போகலாமென்றால் பாறையும் உடைமுள்ளும். கம்பு ஊன்றிப் போகலாமென்றால் நடுவில் கம்பு எட்டாத ஆழம். டியூபில் போனால் போய்ச்சேர்வதற்குள் மொட்டு விரிந்துவிடும். படகு மோட்டாரை ஒருமுறை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் சுற்றுகிற மோட்டார் இலைகளில் தாமரைத்தண்டு நூற்கண்டு மாதிரிச் சுற்றிக்கொண்டு, அதைப் பிரிக்க ஒரு பகல் போயிற்று. ஆக, குளத்தின் நல்ல பாதி ஆண்டுதோறும் பூத்து அழுகிக்கொண்டிருந்தது.

“அக்கரைப் பூவை எவன் இக்கரைக்குக் கொண்டு வாரானோ அவனுக்கு எங்கிட்ட வேலை உண்டு மாப்ளே. வராதவன் வெளிநாட்டுக்குப் போலாம்” என்றார் மாமனார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

மச்சினன் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தான். எங்கோ சதுப்பு நிலத்தில், பின்னால் பெரிய விசிறி வைத்த வள்ளம் புல்லுக்கு மேலேயே போகிறது. தண்ணீருக்குள் எதுவும் சுற்றவில்லை, சுற்றுவதெல்லாம் காற்றில். அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

எனக்கு பூதப்பாண்டியில் மோட்டார் காயில் சுற்றுகிற கடை. படிப்பு பத்தாவதோடு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. அதிலும் விமானம் வந்த கதையில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு. பறக்க முயற்சி செய்த அந்தக் காலத்து ஆட்கள் எஞ்சினைப் பற்றியும் றெக்கையைப் பற்றியும் அவ்வளவு யோசித்தார்கள், முன்னால் சுற்றுகிற அந்த விசிறியைப் பற்றி ரொம்பப் பேர் கடைசியில்தான் யோசித்தார்கள். ஒருத்தர் துடுப்புப்போலத் தட்டைப் பலகையை வைத்தார். ஒருத்தர் மூங்கில் சட்டத்தில் துணியைக் கட்டினார். இன்னொருத்தர் கப்பலுக்கு அடியில் சுற்றுகிற திருகு விசிறியை அப்படியே பெரிதாக்கிக் காற்றில் வைத்தார். எல்லாம் சுற்றின. சத்தம் கேட்டது. கூடியிருந்தவர்களின் தொப்பி பறந்தது. வண்டி பறக்கவில்லை.

அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஓர் அண்ணனும் தம்பியும்தான் அதைச் சரியாகப் பிடித்தார்கள். கப்பல்காரர்களிடம் கணக்கு இருக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்று தேடிப் போனார்கள். கப்பல்காரர்களும் வைத்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகுதான் விசிறி என்பது வேறொன்றுமில்லை, வட்டமாகப் பறக்கிற றெக்கை என்று கண்டுகொண்டார்கள். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடாலியால் செதுக்கி, நுனிக்குத் துணி ஒட்டி முடித்தார்கள். சைக்கிள் கடை என்பதால் அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் சொந்தம் உண்டு. காயில் கடையும் சைக்கிள் கடையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள்தானே.

இதையெல்லாம் நான் மச்சினனுக்கு இரண்டு டீ ஆறுகிறவரை சொன்னேன். கேட்டு முடித்து, “அப்ப றெக்கையச் செதுக்கிச் சுத்தவிடணும்” என்றான். “அவ்வளவுதான்” என்றேன். இந்த இடம் வரை நாங்கள் சரியாக இருந்தோம். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், சரியானதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைச் செய்தோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருக்கிற ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுற்றுகிற எதைப் பற்றிப் பேசினாலும் காற்றாடியைத்தான் கையை நீட்டிக் காட்டுவோம். மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள். வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது அவற்றைப் பார்த்துத்தான் காற்று எப்படி என்று சொல்வோம். முப்பந்தல் போகிற வழியில் ஒரு யார்டில், கழற்றிப் போட்ட பழைய காற்றாடி இலை ஒன்று புல்லுக்குள் கிடந்தது. மச்சினனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், காவல்காரரிடம் கேட்டு, அதைக் கட்டிப்பிடித்து அளவெடுத்தோம். எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு முறுக்கு என்று பழைய பேப்பரை வைத்து வெட்டி எடுத்தோம். “எதுக்கு இது?” என்றார் காவல்காரர். “பிளேனுக்கு” என்றான் மச்சினன். அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

குலசேகரத்தில் மரமில்லில் ரப்பர் மரப் பலகை வாங்கி, ஒட்டி, பெரிய இலையைச் சின்னதாக அச்சு அசலாகச் செதுக்கினோம். என் மனைவி வந்து தடவிப் பார்த்தாள். “நல்ல வழுவழுன்னு இருக்கு. இத ஓடவிட்டு அழுக்காக்கவா போறீங்க?” என்றாள்.

முதல் ஓட்டத்துக்கு நல்ல கூட்டம். பிளேன் மெக்கானிக் பிளேன் விடுகிறார் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். சிலர் அண்ணாந்து பார்க்கத் தோதாக இடம்பிடித்து நின்றார்கள். மச்சினன் கிக்கரை மிதித்தான். எஞ்சின் பிடித்தது. விசிறி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. வள்ளம் அதே இடத்தில் இருந்தது.

காற்று வராமல் இல்லை. பின்னால் இருந்த தாமரையிலைகள் பின்னால் சாய்ந்தன. முன்னால் இருந்த இலைகள் முன்னால் சாய்ந்தன. வள்ளம் நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் பீடியைப் பற்றவைத்து, வள்ளத்துக்குப் பக்கவாட்டில் முழங்கால் தண்ணீரில் போய் நின்று, புகையை விசிறிப் பக்கம் ஊதிவிட்டார். கூர்ந்து பார்த்தார்.

“மாப்ளே, நடுவுல உள்ள புகை பின்னால போகு. ஓரத்துல உள்ள புகை முன்னால வருகு. இது எந்தப் பக்கம்னு இன்னும் முடிவு பண்ணலே.”

அண்ணாந்து பார்க்க வந்தவர்களில் ஒருவர், “ஏலே, பிளேன் எப்ப கெளம்பும்?” என்று கேட்டார். “லேட்டு” என்றான் இன்னொருவன். “சிக்னல் கெடைக்கலியாம்.”

விசிறியைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பி மாட்டினோம். அப்போதும் அப்படியேதான். திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் முறுக்கு மாறாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டினேன், கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமனார் மச்சினனைத் திட்டவில்லை. “ஏஜென்ட் எப்ப கேட்டான்?” என்றார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடுவான் மாமா.”

“அதுக்குள்ள இது ஒரு பக்கமா முடிவு பண்ணிருமா?”

மச்சினன் விசிறியைக் கழற்ற ஆரம்பித்தான். மாமனார் என்னிடம் திரும்பி, “நீரு காயில் சுத்துக ஆளுதானே வே? நீரும்கூட நின்னுமா இப்படி?” என்றார். நான் காயிலில் தப்பு இல்லை என்று சொல்ல நினைத்தேன். இதில் காயிலே கிடையாது என்பதால் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நானும் மச்சினனும் சண்டை போட்டோம். முறுக்கு போதாது என்றேன் நான். முறுக்கு ஜாஸ்தி என்றான் அவன். எஞ்சின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றான். குறைக்க வேண்டும் என்றேன். மறுநாளும் அதே சண்டை. என் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏம்ல, நேத்து அத்தான் சொன்னதத்தானே இன்னைக்கு நீ சொல்லுக? நேத்து நீ சொன்னத அவரு சொல்லுகாரு. ஆளுக்கு ஆள் மாத்தி வச்சிக்கிட்டு எதுக்கு இப்படிக் கத்துகீங்க?”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அந்தச் சைக்கிள் கடை அண்ணன் தம்பிக்கும் இதுவே நடந்தது என்று வாசித்திருக்கிறேன். விசிறியைப் பற்றி மணிக்கணக்காகக் கத்தி, கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் மற்றவர் கட்சிக்கு மாறி நின்று கத்திக்கொண்டிருப்பார்களாம். இதை மனைவியிடம் சொன்னேன். “அப்ப அவங்களுக்கும் ஒரு அக்கா இருந்திருக்கணும்” என்றாள். அவர்களுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்றேன். “அதான் பறந்துட்டாங்க” என்று ரசத்தை எடுக்கப் போனாள்.

விஷயம் பஸ்ஸில்தான் தெளிந்தது. மறுபடியும் யார்டுக்குப் போய், பேப்பர் அளவில் தப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். தப்பு இல்லை. அவ்வளவு சரியாகச் செதுக்கியிருந்தோம் என்பதுதான் வருத்தம். மச்சினன் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டியிருந்தான். கணவாய்க் காற்று. உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்து, புறங்கை மேலே இருக்கும்படி வைத்தான். கை தானாக மேலே போயிற்று. திருப்பி, உள்ளங்கை மேலே இருக்கும்படி வைத்தான். கை கீழே போயிற்று. இப்படியே தோவாளை வரை செய்துகொண்டிருந்தான்.

“கைய உள்ள எடு தம்பி, எதிர்ல வண்டி வருகு” என்றார் கண்டக்டர்.

அவன் எடுத்தான். எடுத்த கையைப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாகத் தெரிந்த காற்றாடிகளைப் பார்த்தான்.

“அத்தான், அந்த இலையில முதுகு எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கம்னா?”

“காத்து வந்து அடிக்கது வயித்துல. முதுகு அந்தாண்ட, காத்து போற பக்கம். நாமளும் அப்படியே வச்சிட்டோம்லா. நமக்குக் காத்து வரலியே அத்தான், நாமதானே காத்துக்குள்ள போறோம். முதுகு முன்னால இருக்கணும்லா?”

பஸ் தோவாளையில் நின்றது. நாங்கள் இறங்க வேண்டிய இடம் அதுதான். இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். காற்றாடி என்பது காற்று தள்ளச் சுற்றுகிற பொருள், விசிறி என்பது சுற்றிக் காற்றைத் தள்ளுகிற பொருள். ஒன்றின் வளைவு மற்றதற்குத் தலைகீழ். எங்கள் விசிறியில் முறுக்கு ஒரு பக்கம் தள்ள, வளைவு மறுபக்கம் தள்ள, இரண்டுக்கும் நடுவில் வள்ளம் மரியாதையாக நின்றிருக்கிறது. வட்டமாகப் பறக்கிற றெக்கை என்று என் கடையில் சொன்ன நானே, றெக்கையின் முதுகு எங்கே என்று கேட்காமல், வீட்டு மாடியிலிருந்து தெரிகிறதைப் பார்த்து வெட்டியிருக்கிறேன். கடலோரத்தில் பிறந்திருந்தால் படகு மோட்டார் இலையைப் பார்த்து வெட்டியிருப்போம். எங்களுக்கு வாய்த்தது காற்றாடி.

“ரெண்டு பேரும் எங்க எறங்கணும்?” என்றார் கண்டக்டர்.

“பின்னால” என்றான் மச்சினன்.

இரண்டாவது விசிறிக்கு அயனிப் பலகை. அவன் தன் இடது கையைப் பட்டறைப் பலகையில் குழித்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செதுக்கினான். முதுகு முன்னால். நடுவில் முறுக்கு கூட, நுனிக்குப் போகப் போகக் குறைவு. இரண்டு இலையும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று, நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகித் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் இழைத்தோம். நுனிக்குத் துணி ஒட்டினோம். அது என் பழைய வேட்டி. என் மனைவி இந்த முறை தடவிப் பார்க்கவில்லை, தூரத்திலிருந்தே “முந்தினதுதான் அழகு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த நேரத்தில்தான் மச்சினன் பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தான். எதற்கு என்று கேட்டேன். “ஓடலேன்னா இங்கேருந்தே நேரா கொண்டு குடுத்திருவேன். வீட்டுக்குப் போனா கொழந்தைய பாக்கணும்” என்றான். நான் உளியைத் தீட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை. அன்றைக்குக் கூட்டம் இல்லை. ஒருமுறை கிளம்பாத பிளேனைப் பார்க்க மறுபடி யார் வருவார்கள்? மாமனாரும், டியூபைத் தோளில் மாட்டிய தாமரைக்காரர்கள் சிலரும். மச்சினன் வள்ளத்தில் ஏறி, சட்டைப்பையில் தண்ணீர் படும் என்று பாஸ்போர்ட்டையும் போனையும் என் கையில் தந்தான். மாமனார் பழையதும் புதியதுமாக இரண்டு விசிறியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுபோலதானே இருக்கு?” என்று கேட்டார். அதற்குத்தான் மச்சினன், என்னைப் பார்த்து, வாங்குகிற கையைப் பற்றியும் கொடுக்கிற கையைப் பற்றியும் சொன்னான். மாமனார் சொன்னதை நேராக மறுத்துப் பேசுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது.

சொல்லிவிட்டுக் கிக்கரை மிதித்தான்.

இந்த முறை சத்தம் குறைவு. மாமனாரின் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டு கழன்று பறந்து எங்களுக்குப் பின்னால் ஒரு உடைமரத்தில் மாட்டியது. அவர் அதை எடுக்கப் போகவில்லை. வள்ளம் ஒரு தாமரையிலை மேல் ஏறியது. அடுத்த இலை மேல் ஏறியது. பிறகு இலைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்து வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்ட, அவற்றுக்கு நடுவில் ஒரு பாதை விழுந்தது. அந்தப் பாதையின் முனையில் மச்சினன் சின்னதாகிக்கொண்டே போனான். கம்பு எட்டாத ஆழம் வந்தது. அதையும் தாண்டிப் போனான்.

“நிக்க மாட்டானா?” என்றார் மாமனார்.

“பிரேக் கிடையாது” என்றேன்.

“இத முன்னாலயே சொல்லக்கூடாதா வே?”

அக்கரையில் தாமரை அடர்த்தி. வள்ளம் அதற்குள் புகுந்து, இலைகளில் உரசி, தானாகவே நின்றது. எஞ்சின் அணைந்தது. கவிழ்ந்த இலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் படுத்தன. பாதை மூடிக்கொண்டது.

அந்த நேரத்தில் என் கையில் போன் அடித்தது. மத்தியானம் என்றவன் காலையிலேயே கூப்பிட்டுவிட்டான். நான் எடுக்கவில்லை. கையை உயர்த்தி, போனை அக்கரைக்குத் தெரிகிறபடி ஆட்டினேன். சத்தம் அங்கே கேட்டிருக்காது. ஆனால் என்ன ஆட்டுகிறேன் என்று அவனுக்குத் தெரியும். மாமனாரும் அவனைத்தான் பார்த்தார். போன் அடித்து நின்று, மறுபடி அடித்தது.

மச்சினன் கொஞ்ச நேரம் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் தோள்வரை விட்டு, முதல் மொட்டைத் தண்டோடு பறித்து எடுத்தான்.